கேட்போராற்றுப்படை: இரவுப் பேருந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை ஐந்து. முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்றை ஒதுக்கிவிட்டால், மற்ற நான்கிலும் நடப்பவர் கலைஞரே. பாணரும் பொருநரும் கூத்தரும் யாழையும் முழவையும் தூக்கிக்கொண்டு காடுமேடு கடந்து வள்ளலிடம் போகிறார்கள். கறிசோறு உண்டு, பரிசில் பெற்றுத் திரும்புகிறார்கள். கேட்பவன் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. இந்த ஏற்பாடு எப்போது தலைகீழானது என்பதை அறிஞர் உலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. இன்று பாணர் அரங்கிலேயே இருக்கிறார். கேட்பவன் பையைச் சுமந்து போகிறான், பரிசிலும் அவனே கொடுக்கிறான், சோறும் அவன் செலவு.

ஆய்வுக்களம் ஜப்பான். ஆய்வுப்பொருள், ஒசாகாவில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞன். ஊருக்கு அனுப்பியது போக மிச்சத்தில் வாழ்பவன். அவன் செல்லுமிடம் டோக்கியோவின் நிப்போன் புடோக்கான். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோவுக்காகக் கட்டிய எண்கோண அரங்கம் அது. 1966-ல் பீட்டில்ஸ் அங்கே பாட வந்தபோது, தற்காப்புக் கலைக்கான இடத்தில் இந்தக் கூச்சலா என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் தோற்றார்கள், இன்று அங்கே பாடுவதுதான் ஜப்பானியப் பாடகர் பலருக்கு லட்சியம்.

டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்பது வெளியூர்க்காரர்களின் மூடநம்பிக்கை. பெயர்பெற்ற பாடகர் என்றால் முதலில் குலுக்கல். பெயர் விழுந்தபின்தான் பணம் கட்டும் உரிமையே பிறக்கும்; கெடு தேதிக்குள் தெருமுனைக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கட்டாவிட்டால் அதுவும் போச்சு. எந்த இருக்கை என்பது பெரும்பாலும் பணம் கட்டி வெகுநாள் கழித்தே தெரியும். கள்ள விலைக்கு வாங்கலாமே எனின், அற்றன்று. 2019 ஜூன் முதல் அப்படி விற்பவருக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு.

குலுக்கலில் தமிழனுக்கென்று ஒரு தனிச்சிக்கல் உள்ளது. விண்ணப்பம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நம்மிடம் இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாவை உட்கார வைத்திருக்கிறோம்; ஜப்பானிலோ குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ஆகவே குலுக்கலில் ஜெயிப்பவர் அப்பா. அரங்க வாசலில் அட்டையைச் சரிபார்ப்பவர் மரியாதையாக 'சாமா' சேர்த்து வரவேற்பதும் அப்பாவைத்தான். மாதம் எவ்வளவு சேர்த்தாய் என்று ஞாயிறுதோறும் போனில் கேட்கும் அந்த மனிதருக்கு, தாம் ராக் கச்சேரிகளுக்குப் போய்வருவது தெரியாது.

இனி மையக் கேள்வி: எதில் போவது? ஒசாகாவிலிருந்து டோக்கியோ சுமார் 500 கிலோமீட்டர். அதே 1964-ல், புடோக்கான் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் புல்லட் ரயில் இன்று இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். கட்டணம் 14,000 யென் அளவில். இரவுப் பேருந்துக்குச் சுமார் எட்டு மணி நேரம், பாதிக்கும் குறைந்த காசு. வசதி உள்ளவன் ரயிலிலும் இல்லாதவன் பேருந்திலும் போவான் என்று ஆய்வை முடித்திருப்பார்கள் சோம்பேறிகள். நாம் கடைசிப் பாட்டை ஆராய்ந்தோம்.

ஜப்பானில் கச்சேரி ஒருமுறையோடு முடிவதில்லை. பாடகர் வணங்கி உள்ளே போவார். கூட்டம் நகராது, ஒரே தாளத்தில் கைதட்டிக்கொண்டே நிற்கும். வாசலில் வரிசையில் நின்று ரசிகர்கள் வாங்கிய அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வருவார். எல்லோரும் காத்திருந்த பாட்டு அப்போதுதான் வரும். ஆனால் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஷின்கான்சென் ஓடாது. ஒசாகா போகும் கடைசி ஷின்கான்சென் டோக்கியோவை விட்டு ஒன்பதரைக்கு முன்பே கிளம்பிவிடும். எனவே 14,000 யென் கொடுத்தவன், கைதட்டல் தொடங்கும்போது "சுமிமாசென், சுமிமாசென்" என்று மன்னிப்புக் கேட்டபடி முழங்கால்களைத் தாண்டி வெளியே ஓடுகிறான். பேருந்துக்காரன் அசைவதில்லை. அவன் வண்டி பதினொன்றுக்கு மேல்தான். ஏழையே கச்சேரியை முழுதாகக் கேட்கிறான் என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

ரயிலில் வந்தவன் ஓட்டலில் தங்கலாமே எனின், மறுநாள் திங்கள்கிழமை என்பதை மறந்தார் கூற்று அது.

பேருந்தினுள் நிகழ்வது பாலைத் திணை. திரைச்சீலையை இழுத்து, விளக்கை அணைத்துவிடுவார்கள். போன் திரையின் வெளிச்சம்கூடக் கூடாது. பேச்சு அறவே இல்லை. காதுக்குள் இன்னும் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்க, நிமிர்ந்த வாக்கில் உறங்க முயல்வதே உரிப்பொருள். நடுவழி சர்வீஸ் ஏரியாவில் கால் மணி நேரம் நிற்கும்போது வெண்டிங் மெஷினில் வாங்கும் சூடான டின் காபி கருப்பொருள். விடிகாலை ஒசாகா, முகம் கழுவி நேரே அலுவலகம்.

ஆய்வின் அடுத்த கட்டமாக, ரயில் பயணியின் மனநிலையை உள்ளிருந்தே பதிவு செய்ய வேண்டியுள்ளது. கடைசிப் பாட்டைக் கேட்காமல் வருவதற்கு இவ்வளவு செலவா என்று வினவாமல், நிதி நல்க விரும்புவோர் போகவர இரு வழிக்கும் சேர்த்தே நல்க வேண்டுகிறோம்.