கடைசிக் கச்சேரிக்காரர்

ராக் பாடகர் ஒருவர் "இனிமேல் ஊர் ஊராகப் போய்ப் பாடப்போவதில்லை" என்று அறிவித்ததும் முதலில் அழுகிறவர் இவர். முதலில் டிக்கெட் வாங்குகிறவரும் இவர்தான். இரண்டுக்கும் நடுவே மூக்கைச் சிந்துகிற நேரம்தான் இடைவெளி.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் இவரைத் தேடி அலைய வேண்டாம். பிராட் தெருப் பாலத்தில் பிளாக் சாபத் ராக் குழுவினர் நால்வரின் படத்தோடு ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அங்கே வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்காமலே போட்டோ எடுத்துக் கொடுக்கும் பெரியவர்தான் நம்மவர். கறுப்பு டி-ஷர்ட், முதுகில் ஏதோ ஒரு சுற்றுப்பயணத்தின் ஊர்ப் பெயர்கள் வரிசையாக. முன்பக்கத்துப் பேய்முகம், தொப்பையின் தயவால், இப்போது சிரித்த முகமாகிவிட்டது. பெயர் என்ன என்று கேட்டால் மணி சொல்வார். வாலிபம் முழுக்க ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றதற்குக் கிடைத்த பென்ஷன் அது.

இவருடைய தலைவர் அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன். இதே ஊர், ஆஸ்டன் பகுதிக்காரர். பாட வருமுன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1982இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஊர் ஒன்றில், ரசிகர் மேடைக்கு எறிந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவைத்தாரே, அவரேதான். அன்றைக்கு நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்களைக் கூட்டினால் அந்த ஊரே கொள்ளாது. நம்மவரும் பார்த்தாராம். அப்போது அவரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது என்பது அவர் மனைவி தரும் உபரித் தகவல்.

விடைபெறுவதில் ஆஸி கைதேர்ந்தவர். 1992இல் ஓய்வு என்று சொல்லி, 'நோ மோர் டூர்ஸ்' என்றே பெயர் வைத்துக் கிளம்பினார். நம்மவர் இடிந்து போனார். 1995இல் தலைவர் திரும்பி வந்தார். அந்தப் பயணத்தின் பெயர் 'ரிடயர்மென்ட் சக்ஸ்', அதாவது ஓய்வாவது மண்ணாவது! 2017 பிப்ரவரி 4 அன்று, பர்மிங்காமிலேயே, பிளாக் சாபத் குழு 'தி எண்ட்' என்ற பயணத்தை முடித்து முற்றும் போட்டது. அடுத்த வருஷமே ஆஸி தனியாக 'நோ மோர் டூர்ஸ் 2' என்று புறப்பட்டார். ஓய்வுக்கு இரண்டாம் பாகம் எடுத்த மகான்.

அந்த இரண்டாம் பாகத்து டிக்கெட் நம்மவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு மாட்டியிருந்தது. 2019 தொடக்கத்தில் நடக்க வேண்டிய கச்சேரி. தலைவருக்கு நிமோனியா, பிறகு வீட்டில் விழுந்தார், முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை, பார்க்கின்சன் நோய், போதாக்குறைக்குக் கொரோனா. ஒவ்வொரு முறை தேதி தள்ளிப் போனபோதும் நம்மவர் பேனாவை எடுத்துப் பழைய தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினார். கடைசியில் அது பழைய ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிட்டது. "இதை எடுத்தால் சாமான் லிஸ்ட் ஒட்டலாம்" என்றார் மனைவி. "வருவார்" என்றார் இவர். 2022 ஆகஸ்டில் காமன்வெல்த் விளையாட்டு நிறைவு விழாவில் முன்னறிவிப்பு இல்லாமல் தலைவர் தோன்றிப் பாடியபோது, டிவியைக் காட்டி "பார்த்தாயா!" என்று அவர் போட்ட சத்தம் அவருக்கே கேட்டது.

2023 பிப்ரவரி 1 அன்று, பயணம் செய்ய உடம்பு இடம் தரவில்லை என்று ஆஸி அறிவித்தார். டிக்கெட் பணம் திரும்பி வந்தது. டிக்கெட் கதவைவிட்டு இறங்கவில்லை.

இவர் நம்பாததில் தப்பும் இல்லை. இந்தத் தொழிலின் லட்சணம் அப்படி. தி ஹூ குழு 1982இலேயே பிரியாவிடைப் பயணம் போனது; பிறகும் திரும்பி வந்தது. மோட்லி க்ரூ குழு, இனி சுற்றுப்பயணமே கிடையாது என்று 2014இல் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தே போட்டது. 2019இல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதாக வீடியோ வெளியிட்டுத் திரும்பி வந்தது. 'கடைசி' என்று போட்டால் டிக்கெட் பறக்கும் என்பது நம்மவருக்குத் தெரியாதா? தெரியும். ஏமாந்ததாக மட்டும் அவர் ஒருநாளும் புலம்பியதில்லை. பொய் சொல்லிவிட்டாவது வரட்டுமே என்பதுதான் அவர் கட்சி.

2025 ஜூலை 5. ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் ஆஸிக்குக் கடைசி மேடை. பிளாக் சாபத்தின் பழைய நால்வரும் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக நின்றார்கள். ஆயுள் முழுக்க நின்றுகொண்டே கேட்ட நம்மவர், முழங்கால் காரணமாக முதல்முறையாக இருக்கை டிக்கெட் வாங்கியிருந்தார். அந்த வெட்கத்தில் பக்கத்திலிருந்தவர் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. மேடையில் ஆஸி கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே வந்தார். நம்மவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முடிந்து வெளியே வரும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டார்: "அடுத்தது எப்போது?"

ஜூலை 22 அன்று, 76ஆம் வயதில், ஆஸி காலமானார். கடைசி என்று அவர் சொல்லி, சொன்னபடியே கடைசியாக அமைந்த கச்சேரி அது ஒன்றுதான்.