புருனோ இருக்கானே!

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வயதான பெற்றோருக்கு வாங்கித் தரும் பொருள்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பி.பி. பார்க்கும் மெஷின் வரும். அப்புறம் வாசலில் கேமரா. அதன் பிறகு, விழுந்தால் அழுத்துவதற்காகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டன். மூன்றும் அலமாரிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு நாய் வரும்.

எங்கள் வீட்டில் நாய்க்கு முன்னால் இன்னொரு திட்டமும் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் முதியவர்களுக்கென்றே வில்லா கட்டி விற்கிறார்களாம். மூன்று வேளைச் சாப்பாடு, நர்ஸ், பஜனை ஹால். டல்லாஸ் மகன் வீடியோ அனுப்பினான். அதில் நரைத்த தம்பதி ஒன்று ஓயாமல் சிரித்தபடி கேரம் ஆடியது. "ஒரு காய்கூட விழலையே, எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றாள் என் மனைவி. வில்லா அத்தோடு நின்றது. "அப்ப துணைக்கு ஒரு நாயாவது வெச்சுக்கங்க" என்று பெங்களூரு மகள் சமரசத்துக்கு வந்தாள்.

அவள் மனசில் இருந்தது கோல்டன் ரெட்ரீவர் குட்டி. ஸ்காட்லாந்தில் உருவான இனம், அந்த ஊர்க் குளிருக்கு ஏற்ற ரோமம். நாங்களோ ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடி. ஏ.சி.யைப் பத்து மணிக்குப் போட்டுப் பன்னிரண்டுக்கு அணைத்து, மிச்சக் குளிரைப் போர்வைக்குள் சேமித்துத் தூங்குகிற ஜாதி. நல்லவேளை, தெருமுனைக் கால்நடை டாக்டர் குறுக்கே விழுந்தார்.

"வளர்ந்தா முப்பது கிலோ வரும் சார். பூனையைப் பார்த்து ஓடினா நீங்க பின்னாடியே பறப்பீங்க. குட்டியும் வேண்டாம், செருப்பு சோபா எதுவும் மிஞ்சாது. வளர்ந்த நாட்டு நாயா எடுங்க."

அப்புறம் கொஞ்சம் தயங்கி என் வயதைக் கேட்டார். சொன்னேன். நாய்க்குப் பன்னிரண்டு, பதினாலு வருஷம் ஆயுசு என்றார். இரண்டையும் கூட்டுகிற வேலையை நாசூக்காக எங்களிடம் விட்டுவிட்டார். நான் வங்கியில் இருந்து ரிட்டயரானவன், படி இறங்குவதற்குள் கூட்டிவிட்டேன். என் மனைவி எனக்கு முன்னாலேயே கூட்டியிருந்தாள். "வளர்ந்ததாவே எடுப்போம்" என்றாள்.

அப்படித்தான் வேளச்சேரி ரோட்டில் இருக்கும் ப்ளூ கிராஸிலிருந்து புருனோ வந்தான். 1959-ல் கேப்டன் சுந்தரம் ஆரம்பித்த விலங்குகள் நல அமைப்பு அது. புருனோவுக்குச் செம்மண் நிறம், பாதி வயசு, ஒரு காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆன தெருநாய்க்குப் போடுகிற அடையாளம். "காதுகுத்தெல்லாம் முடிச்சே அனுப்பியிருக்காங்க, நமக்கு அந்தச் செலவும் மிச்சம்" என்றாள் மனைவி. புருனோ என்பது மகள் வைத்த பெயர். வீட்டு வேலைக்கு வரும் அம்மா முதல் நாளே அதைப் 'புருஷோத்து' ஆக்கிவிட்டார். பொறையை அவர்தான் போடுவார் என்பதால் நாயும் அந்தப் பெயருக்குத்தான் திரும்புகிறது.

சென்னை மாநகராட்சியில் ஐம்பது ரூபாய் கட்டி லைசென்ஸ் எடுத்தோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நான் நவம்பர் தோறும் உயிரோடு இருக்கிறேன் என்று வங்கிக்குச் சான்று கொடுக்கிறேனே, வீட்டில் இப்போது அந்த மாதிரிக் காகிதம் இரண்டு. தோலுக்கு அடியில் அரிசி அளவு மைக்ரோசிப்பும் வைத்தாயிற்று. அதில் 15 இலக்க எண். என் ஆதாருக்குப் பன்னிரண்டுதான்.

தினமும் நடங்கள் என்று சர்க்கரை டாக்டர் எனக்குப் பல வருஷமாகச் சொல்லி வந்தார். பனி, மழை, முழங்கால், அமாவாசை என்று நானும் காரணம் சொல்லி வந்தேன். புருனோவிடம் லீவ் லெட்டர் செல்லாது. ஐந்து மணிக்கு ஈரமூக்கை என் உள்ளங்காலில் வைப்பான். அவ்வளவுதான், எழுந்தாக வேண்டும். தெருவில் இறங்கினால் ஆடிட்டர் மாதிரி ஒவ்வொரு கம்பமாக நின்று, முந்தின நாள் யார் என்ன பாக்கி வைத்துப் போனார்கள் என்று சரிபார்த்துத்தான் நகருவான். பல வருஷமாக என்னைப் பார்த்தும் பேசாத தெரு இப்போது பேசுகிறது. என் பெயர்தான் யாருக்கும் தெரியாது. 'புருனோ தாத்தா' என்றால் பால் பூத்தில் வழி விடுகிறார்கள்.

வில்லா வீடியோ அனுப்பிய அதே டல்லாஸ்காரன் ஒருநாள் ஒரு கட்டுரையை அனுப்பினான். அமெரிக்காவில் 2004-க்கும் 2017-க்கும் இடையில், நாயை நடத்திப் போகும்போது எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்களாம். அதிகம் முறிந்தது இடுப்பு. நாய் மகள் ஏற்பாடு, பயம் மகன் ஏற்பாடு. ஆனால் விஷயம் உண்மைதான். அதிலிருந்து சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதில்லை. செருப்பை விட்டு, பின்னால் வார் வைத்த சாண்டலுக்கு மாறிவிட்டேன். பூனை வந்தால் சங்கிலியை விட்டுவிடுவது என்பது என் கொள்கை. பூனைகளுக்கு இது தெரிய வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தந்தார். வெங்காயம் கூடாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட் கூடாது, இதயத்துக்கு ஆகாது. திராட்சை, அதிலும் உலர்திராட்சை கூடவே கூடாது, கிட்னி போய்விடும். இந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. எனக்கு எழுதிய டயட் சீட்டில் எப்போதோ கறிவேப்பிலை மடித்தாயிற்று.

போன பொங்கலன்று என் மனைவி சர்க்கரைப் பொங்கலுக்கு முந்திரி, திராட்சை வறுத்துக்கொண்டிருந்தாள். நெய்யில் உப்பிய திராட்சை ஒன்று கரண்டியிலிருந்து துள்ளித் தரையில் உருண்டது. "என்னங்க, திராட்சை!" என்று ஓர் அலறல். சூரியனுக்குப் படைக்கும்போது முட்டி மடக்க முடியாது என்று ஸ்டூல் போட்டு உட்காருகிறவர்கள் நாங்கள். அடுத்த நிமிஷம் இருவரும் நாலு காலில் நின்றோம். அவள் ஃபிரிட்ஜுக்கு அடியில் துடைப்பத்தை விட்டாள். நான் டார்ச்சோடு காஸ் அடுப்பு மேடைக்குக் கீழே போனேன். நாலு காலில் இருக்கும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த புருனோ, திகைத்துப் போய் வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தான். குழம்புக் கரண்டி ஒன்று, ஜீவன் போன பாச்சை இரண்டு, போன தீபாவளியிலிருந்து தேடிய மூக்குக்கண்ணாடி எல்லாம் கிடைத்தன. திராட்சை என் வேட்டி மடிப்பில் இருந்தது. கீழே போட்டால் ஆபத்து என்று வாயில் போட்டுக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை 240 என்பது அந்த நேரம் யாருக்கும் நினைவில்லை.

அப்பார்ட்மென்ட் சங்கத்திலும் ஒரு கூட்டம் நடந்தது. லிப்டில் நாய் ஏறக் கூடாது என்றார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் போட்ட வழிகாட்டுதலை நான் பிரின்ட் எடுத்துப் போயிருந்தேன். பெரும்பான்மையே கை தூக்கினாலும் சங்கம் நாய்க்குத் தடை போட முடியாது, லிப்டையும் மறுக்க முடியாது, குரைப்பது நாயின் இயல்பு என்று அதில் இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எழுந்த சத்தத்துக்குத்தான் எந்த வழிகாட்டுதலும் இல்லை. புருனோ என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய லாபத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாய் தனிமையைப் போக்கும், பிரஷரைக் குறைக்கும் என்பார்கள். வேண்டாத இடத்துக்குப் போகாமல் இருக்க உதவும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஒன்றுவிட்ட சித்தப்பா பேத்தியின் வளைகாப்பா? "ஐயோ, வரணும்னுதான் ஆசை. புருனோ இருக்கானே!" பெங்களூரில் ஒரு மாதம் வந்து இருங்களேன் என்றால், புருனோ இருக்கானே. வில்லாப் பேச்சு மறுபடி தலைதூக்கினால், புருனோ இருக்கானே. முழங்கால் வலி என்றால் டாக்டரிடம் காட்டு என்பார்கள். நாய் என்றால் ஒருவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. எங்கள் வீட்டில், எங்கள் ஈஸிசேரில், எங்கள் ஃபில்டர் காபியோடு நாங்கள் இருப்பதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பது அவன்தான்.

முக்கியமாக டல்லாஸ். பேரனுக்கு ஸ்கூல் லீவ் வரும்போதெல்லாம் எங்களுக்கு டிக்கெட் பார்ப்பான் மகன். அங்கே காரில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஆறு மாதம் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு வருஷமாக அந்த ஆபத்தைப் புருனோவைக் காட்டியே தள்ளி வந்தோம்.

போன வாரம் மகன் வீடியோ காலில் வந்தான். "அப்பா, கொஞ்சம் கேமராவைத் திருப்புங்க" என்று வழக்கம்போல் நாயைப் பார்த்து முடித்த பிறகு, ஒரு பைலைத் திறந்தான். நாளைக்கு எங்களுக்கு ஒன்று என்றால் புருனோவை யார் பார்ப்பது என்று என் மனைவி எப்போதோ பெருமூச்சு விட்டிருந்தாள். அதற்கு விடையாம்.

"எல்லாம் விசாரிச்சுட்டேம்மா. நாயை அமெரிக்காவுக்குக் கொண்டு வர 2024 ஆகஸ்ட்லேர்ந்து புது ரூல். வெறிநாய்க்கடி அதிகம் உள்ள நாடுகள் லிஸ்ட்ல இந்தியா இருக்கு. அதனால மைக்ரோசிப் வேணும், அது இவனுக்கு இருக்கு. ஆறு மாசம் ஆகியிருக்கணும், ஆயாச்சு. தடுப்பூசி வேலை செய்யுதான்னு ரத்தத்தை அங்கீகாரம் உள்ள லேப்ல டெஸ்ட் பண்ணணும். அமெரிக்கால இறங்கினதும் ஒரு சென்டர்ல செக் பண்ணுவாங்க, அதுக்கு முன்கூட்டியே புக் பண்ணணும். நான் பண்ணிடறேன்."

"எனக்கு விசா எடுத்தப்ப இவ்வளவு படிச்சியாடா?" என்றாள் அவள். பிறகு அம்மாவாக இருப்பதால் அடுத்த கேள்வியையும் கேட்டுத் தொலைத்தாள். "அங்க இவனுக்குத் தயிர்சாதம் யாரு பிசைஞ்சு போடுவா?"

"அதுக்குத்தாம்மா நீங்க ரெண்டு பேரும் கூடவே வரணும்."

'சிக்னல் சரியில்லைப்பா' என்று சொல்லி போனை அணைத்தேன்.