வாழ்க ரோமாபுரிச் சட்டங்கள்!

தேர்தலில் பணம் விளையாடக் கூடாது என்பதில் ரோமக் குடியரசின் பெரியவர்களுக்கு இருந்த அக்கறையே அக்கறை. ஒரு சட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துபோகும் சோம்பேறிகள் அல்லர் அவர்கள். வேட்பாளர் எடுப்பாகத் தெரிய உடையை வெளுத்துக்கொள்ளக் கூடாது என்று கி.மு. 432இலேயே தடை வந்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அப்புறமும் வேட்பாளர்கள் வெள்ளை வெளேரென்றுதான் வந்தார்கள். எல்லாம் சட்டத்தின் மேல் அழுக்குப் படக் கூடாதே என்ற நல்லெண்ணம்!

கி.மு. 181இல் தேர்தல் லஞ்சத்துக்கு எதிராக ஒரு சட்டம். 67இல் செனட்டிலிருந்து நிரந்தர நீக்கம். தண்டனை வளர வளரத் தொழிலும் ஒழுங்குபட்டது. பணப் பட்டுவாடாவுக்குத் தனி ஆட்கள், முடிவு தெரியும்வரை தொகையைக் கையில் வைத்திருக்க நம்பகமான நடுவர்கள் என்று எத்தனை பேருக்குப் பிழைப்பு! 54ஆம் ஆண்டுத் தேர்தலில் கடனுக்கு அலைந்தவர்கள் புண்ணியத்தில் வட்டியே இரு மடங்கானது.

சட்டம் செய்தவர்களின் தாராள மனத்தை என்னவென்பது! 63இல் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவியில் இருந்த சிசரோ, தண்டனையைப் பத்தாண்டு நாடுகடத்தல் என்று கடுமையாக்கினார். எழுதிய ஈரம் காயுமுன், அதே சட்டத்தில் சிக்கிய வேட்பாளர் முரேனாவுக்கு அவரே வக்கீலாக வந்தார். விருந்தும் வாள்வீரர் காட்சிக்கு இடமும் நண்பர்கள் காட்டும் பழைய அன்பு என்று விளக்கினார். முரேனா விடுதலை. பூட்டைச் செய்தவனுக்குத்தானே அதைத் திறக்கும் வழி தெரியும்!

பாம்ப்பியோ இன்னும் உத்தமர். 52இல் தனிக் கான்சலாக இருந்து, ஏறக்குறைய இருபது ஆண்டுப் பழைய குற்றங்களையும் தோண்டும் சட்டம் கொண்டுவந்தார். வலையில் மாமனார் ஸ்கிபியோவே விழுந்தார். நீதிமன்ற நடுவர்கள் 360 பேரையும் வீட்டுக்கே வரவழைத்துப் பேசினார் மருமகன். அந்த நடுவர்கள் புடைசூழ மாமனார் மன்றத்திலிருந்து நடந்துவந்ததைக் கண்ட வழக்காளி, வழக்கையே கைவிட்டார். எஞ்சிய ஐந்து மாதத்துக்கு மாமனார் சக கான்சல் ஆனார். குடும்பப் பாசத்துக்கு முன் சட்டம் தலைகுனிந்து நிற்பதுதானே பண்பாடு?

இத்தனை பாடும் வீண்போகவில்லை. கி.பி. 14இல் பேரரசர் திபேரியஸ் தேர்தலை மக்களிடமிருந்து எடுத்துச் செனட்டிடம் கொடுத்தார். அன்றோடு பொதுமக்களுக்குக் காசு கொடுக்கும் கெட்ட வழக்கம் அடியோடு ஒழிந்தது. வாக்கே இல்லாதவனுக்கு யார் காசு கொடுப்பார்?