எத்தனை மில்லி?

(பிள்ளையார்பாளையத்துத் திண்ணை. சாயப்பட்டறையை மகனிடம் விட்டுவிட்ட மாமா. காந்தி ரோட்டுப் பக்கம் 'அழகு மையம்' திறக்கப்போகும் மருமகன் பிரகாஷ்.)

பிரகாஷ்: மாமா, உங்க கன்னம் ரெண்டும் உள்ள போயிடுச்சு. இதுக்கு 'வால்யூம் லாஸ்'னு பேரு. கத்தி வேணாம், தையல் வேணாம். ஃபில்லர் ஊசிதான். பக்கத்துக்கு ஒரு மில்லி.

மாமா: கடவாய்ப் பல்லு நாலு போச்சுடா, அதான் ஒட்டிக் கிடக்கு. மில்லின்னா எவ்வளவு?

பிரகாஷ்: டீஸ்பூன்ல அஞ்சுல ஒரு பங்கு. உள்ள இருக்கிறது ஹையலூரானிக் ஆசிட். பயப்படாதீங்க, நம்ம தோல்லயே இருக்கிறதுதான், தண்ணியை இழுத்து வெச்சுக்கும். 1934ல மாட்டுக் கண்ணுலேர்ந்து பிரிச்சு எடுத்தாங்க. இப்போ பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறாங்க.

மாமா: கோயில் ஊராச்சே, மாட்டை விட்டுட்டது நல்லதாப் போச்சு. எத்தனை நாள் நிக்கும்?

பிரகாஷ்: ஆறு மாசத்துலேர்ந்து ஒன்றரை வருஷம். ஆளைப் பொறுத்தது.

மாமா: அத்தி வரதர் 40 வருஷம் குளத்துக்குள்ள படுத்திருந்துட்டு 2019ல எழுந்து வந்தாரே, அவருக்கு எத்தனை மில்லி?

பிரகாஷ்: சாமியை இதுல இழுக்காதீங்க மாமா.

மாமா: சரி, தெருமுனையில பள்ளம் கிடக்கே, அதுவும் வால்யூம் லாஸ்தானே? எத்தனை மில்லி?

பிரகாஷ்: அது ரோடு!

மாமா: அதுக்கும் வருஷா வருஷம் ஃபில்லர் போடுறாங்கடா, ஒரு மழை தாங்கல. உன்னுது தேவலாம். தறிக்காரன் கூலி கூடத்தான் ஒட்டிப்போய்க் கிடக்கு. அதுக்கு?

பிரகாஷ்: கிண்டல் போதும். என் கஸ்டமரே வேற. முகூர்த்தப் பட்டு எடுக்க வர்ற கல்யாணப் பொண்ணுங்க. உதடு, கன்னம், கண்ணுக்குக் கீழ, எல்லாம் சேர்த்து 'மணமகள் பேக்கேஜ்'.

மாமா: இருபத்துநாலு வயசுப் பொண்ணுக்கு எதுடா தேஞ்சுது?

பிரகாஷ்: தேயல. மாப்பிள்ளை வீட்டுல போட்டோவைப் பார்த்துட்டு, 'பொண்ணுக்கு முகம் கொஞ்சம் வத்தலா இருக்கே'ங்கிறாங்க.

மாமா: அப்போ ஊசி அவங்களுக்குத்தான் போடணும். மண்டைக்குள்ள. எத்தனை மில்லி பிடிக்குமோ! டேய், பச்சைப் பட்டைச் சோப்புத் தண்ணியில கொதிக்க வெச்சா பசை போகும், கால் பங்கு எடையும் போகும். பளபளப்பு அதுக்கப்புறம்தான் வரும். சீமையில ஒரு காலத்துல வியாபாரிங்க போன எடையை விட மனசில்லாம வெள்ளீய உப்பை ஏத்தினாங்க. தராசுல எடை நின்னுச்சு. பெட்டியில வெச்ச துணி மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சுது.

பிரகாஷ்: அது உப்பு, இது மருந்து. எச்.ஐ.வி.யால முகம் வத்திப்போனவங்களுக்காக 2004ல அமெரிக்காவுல ஒரு ஃபில்லருக்கு அனுமதியே கொடுத்தாங்க.

மாமா: நல்ல காரியம். அது நோயாளிக்கு, டாக்டர் கையால. உன் கடையில ரெண்டு பேருமே இல்லையே?

பிரகாஷ்: நான் ரெண்டு நாள் கோர்ஸ் முடிச்சிருக்கேன். சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டாச்சு.

மாமா: கையெழுத்து வாங்குற பேப்பரைக் கொடு. (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) 'அரிதாக, மருந்து ரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், பார்வை பறிபோகலாம்.' பேக்கேஜ் பேரு பூசணிக்காய் சைஸ்ல, இது மட்டும் எறும்பு சைஸ்லயா?

பிரகாஷ்: ரொம்ப அபூர்வம் மாமா. கரைக்கிறதுக்கு ஹையலூரானிடேஸ்னு ஊசி இருக்கு.

மாமா: உன்கிட்ட இருக்கா?

பிரகாஷ்: வாங்கணும்.

மாமா: வாங்கணுமா! அடைப்பு விழுந்தா நீ போய் வாங்கிட்டு வர்ற வரைக்கும் அந்தக் கண்ணு காத்துக்கிட்டிருக்குமாடா? சேலை கிழிஞ்சா வேற சேலை எடுக்கலாம். கூரைப்புடவை கட்டிக்கப்போற பொண்ணு, தாலி கட்டுறவன் முகம் தெரியாம மணையில உட்காரணுமா? அவ அப்பன் உன் ஃபிரேம் போட்ட சர்டிபிகேட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?

பிரகாஷ்: கத்தாதீங்க, தெருவே பாக்குது.

மாமா: பாக்கட்டும், கண்ணு இருக்கிறவங்க. முறையாப் படிச்ச தோல் டாக்டர் ஒருத்தரை உட்கார வை. கரைக்கிற மருந்தை வாங்கி மேஜை மேல வை. அப்புறம் ஷட்டரைத் தூக்கு.

பிரகாஷ்: அவருக்குச் சம்பளம், மருந்துக்குக் காசுன்னு போனா எனக்கு லாபமே நிக்காது மாமா.

மாமா: அப்போ உன் லாபமே அந்தப் பொண்ணு கண்ணுலேர்ந்துதாண்டா வருது!