துருப்பிடித்த பங்காளிச் சண்டை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் துருவுக்கு இரண்டே மரியாதைதான். சுரண்டிவிட்டு ரெட் ஆக்ஸைடு அடிப்பார்கள். இல்லையென்றால் ஸ்க்ராப்பில் எடைக்குப் போடுவார்கள். மூன்றாவதாக ஒரு மரியாதை பிரான்சில் ரோதேஸ் என்ற ஊரில் நடந்தது. 2014-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வெளிச்சுவர் பூராவும் துருப்பிடித்த கார்ட்டென் எஃகுத் தகடு. மேலே படியும் துருவே உள்ளிருக்கும் இரும்புக்குக் காவல். திறந்து வைத்தவர் அந்நாட்டு ஜனாதிபதி. ஷெட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த மேஸ்திரியிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், சுரண்டாமயே வுட்டுட்டாங்க? கான்ட்ராக்டர் அட்வான்ஸ வாங்கினு ஓடிட்டானா?"

அந்தக் கட்டடம் பியேர் சூலாஜ் என்ற ஓவியருக்காக எழுப்பியது. மனிதர் 102 வயது வாழ்ந்து, அதில் முக்கால்வாசியைக் கறுப்பு அடிப்பதில் செலவழித்தவர். மேசை நாற்காலிக்குப் பூசும் வால்நட் சாயத்தை, சுவருக்கு அடிக்கும் அகலப் பிரஷ்ஷால் காகிதத்தில் இழுத்தார். பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் கண்ணாடிக் கூரையில் ஓட்டையைத் தார் பூசி அடைத்திருந்ததைப் பார்த்து, 1948-இல் தானும் கண்ணாடித் துண்டில் தார் பூசினார். நம் ஊரில் இதற்கு லீக்கேஜ் வேலை என்று பெயர். அதே 1948-இல் பிரெஞ்சு அரூப ஓவியங்கள் ஜெர்மனியில் ஊர் ஊராகச் சுற்றியபோது, கோஷ்டியிலேயே சின்னப் பையனான இவருடைய கறுப்புக் கட்டைதான் போஸ்டரில் ஏறியது.

1950-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் க்ளைன் என்பவர் கண்காட்சி வைத்தார். வெள்ளைத் துணியில் கறுப்புக் கட்டைகள். "எங்க வீட்டுக் கட்டை" என்றது பாரிஸ். "உங்க வீட்டிலே ஏது கட்டை" என்றது நியூயார்க். பங்காளிச் சண்டை ஆரம்பம்.

பாரிஸ் பெரிய வீடு. பேர் இருந்தது, பெட்டி காலி. 1940-இல் ஜெர்மானியர்கள் உள்ளே புகுந்ததும், தப்பியோட முடிந்த ஓவியர்கள் நியூயார்க்குக்கு ஓடினார்கள். அவர்களைப் பார்த்துத் தொழில் கற்ற நியூயார்க் பையன்கள் போருக்குப் பிறகு தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். அவர்களுக்கு வக்கீல், விமர்சகர் க்ளெமென்ட் கிரீன்பெர்க். பிரெஞ்சுக்காரன் படத்தை அளவுக்கு மேல் மெழுகி முடிக்கிறான், நம்மாள் அப்படியே பச்சையாக விடுகிறான், அதுதான் உசத்தி என்பது அவர் வாதத்தின் சாரம். இதே வாதத்தை எங்கள் மேஸ்திரி இரண்டாவது கோட் அடிக்காததற்குச் சொன்னால் கூலியில் பிடித்துக்கொள்கிறோம்.

பச்சையாக விடுவதில் பாரிஸ்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல என்று காட்ட ஹான்ஸ் ஹார்டுங் இருந்தார். அவருடைய கோடுகள் ஆவேசத்தில் வாரி அடித்தவை போலத் தெரியும். விஷயம் என்னவென்றால், சின்னத் தாளில் கிறுக்கியதைக் கட்டம் போட்டுப் பெரிய துணிக்கு அப்படியே ஏற்றுவார். மவுண்ட் ரோட்டில் எம்.ஜி.ஆருக்குக் கட்அவுட் எழுதியவர்கள் செய்த அதே வேலை. 1960-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் பெரும்பரிசும் வாங்கினார்.

இன்னொருவர் ஜார்ஜ் மத்தியூ. முறுக்கு மீசை. பிழைப்பு ஓர் அமெரிக்கக் கப்பல் கம்பெனியின் விளம்பரப் பிரிவில். அதனால் அக்கரைச் சரக்கு முதலில் இவர் கைக்குத்தான் வரும். 1951-இல் பாரிஸில் ஒரே கூடத்தில் நியூயார்க்கின் பொல்லாக்கையும் பாரிஸ்காரர்களையும் எதிரெதிரே மாட்டிய ஏற்பாட்டில் இவர் கை உண்டு. 1956-இல் ஒரு நாடக மேடையில் 12 மீட்டர் நீளத் துணியைக் கட்டி, 800 ட்யூப் வண்ணத்தை அரை மணிக்குள் காலி செய்தார். டிக்கெட் எடுத்து உட்காரும் சனத்துக்கு எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்.

இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு கூத்து. நவீன ஓவியமே கம்யூனிஸ்ட் சதி என்று டொண்டெரோ என்ற எம்.பி. நாடாளுமன்றத்தில் கத்துகிறார். அதே நாட்டு உளவுத்துறை, கம்யூனிஸத்துக்கு மருந்தாக நவீனக் கலைவிழாவுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுக்கிறது. 1952-இல் விழா நடந்ததோ பாரிஸில். கடைசியில் 1964 வெனிஸில் அமெரிக்க ஓவியர் ரவுஷென்பெர்க் அந்தப் பெரும்பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அவர் படங்களைப் படகில் ஏற்றிக் கால்வாய் வழியே கொண்டுபோன போட்டோவைப் பார்த்தால், பாரிஸின் சீர்வரிசை அக்கரைக்குப் போவது போலவே இருக்கும். பெரிய வீட்டின் கதை அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள்.

நம்மவர்கள் கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

தந்தி ஆபீஸ் வேலையை விட்டு 25 வயதில் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து, பிற்பாடு அதற்கே முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அப்போது இஞ்சம்பாக்கமும் எங்கள் கும்மிடிப்பூண்டியும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்; 1997-இல்தான் திருவள்ளூர் தனியானது. ஆகவே பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. உளவுத்துறைப் பணம் ஒன்றும் வரவில்லை. படம் விற்காது என்று தெரிந்ததால் பாத்திக் துணி போட்டு விற்று நிலம் வாங்கினார்கள். பங்காளிகள் இரண்டு பேரும் கற்றுக்கொள்ளாத வித்தை அது.

1967-இல் பணிக்கரின் மாணவர் அக்கித்தம் நாராயணன் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார். அதே 1967-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அமெரிக்க ஓவியத்தின் இருபதாண்டுச் சரக்கை டெல்லிக்கே அனுப்பியது. கூடவே வக்கீல் கிரீன்பெர்க்கும் வந்தார். இலை போட்டுப் பந்தி வீட்டுவாசலுக்கு வந்த நேரத்தில், நம் ஆள் மூடின ஹோட்டலைத் தேடிப் போயிருக்கிறார். அடுத்த வருஷம் பணிக்கரின் இன்னொரு மாணவர் விஸ்வநாதனும் பின்னாலேயே பாரிஸ் போனார். இரண்டு பேரும் அங்கேயே தங்கி, முக்கோணமும் சதுரமுமாக அரை நூற்றாண்டு வரைந்தார்கள். கடை மூடிவிட்டது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஷெட் கதவில் பத்து வருஷத் துரு வழிந்திருந்தது. ஓரமாகத் தார்த் தீற்றல் வேறு, சூலாஜுக்குச் சற்றும் குறையாதது. அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். மேஸ்திரி தலையாட்டினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் அடித்திருந்தார், அதுவும் பிரெஞ்சுக்காரன் மாதிரி நன்றாக மெழுகி.