நூறு சதவீதம் நாலே சொச்சம் ஆன வரலாறு: ஓர் ஆய்வு

சர்வர்களின் கண்காணிப்புத் தரவு நாளாக நாளாக இளைப்பது ஏன், இளைத்த பின் அது யாருக்கு உதவும் என்னும் வினாவைத் தமிழ்ப் புலமை உலகம் இதுவரை பொருட்படுத்தவில்லை. சங்கப் புலவர்களிடம் சர்வர் இல்லாமையால் அவர்களை மன்னிக்கலாம். பிற்காலத்தாருக்கு அந்தச் சலுகை கிடையாது. அக்குறையை நீக்கவே இச்சிற்றாய்வு. ஆய்வுப்பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஏதோ ஒரு சர்வரின் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டு, ஐந்து நிமிடம் இறங்காமல் நின்றது. மற்ற நேரமெல்லாம் 4 சதவீதத்தில் கிடந்தது. அந்த ஐந்து நிமிடம் பின்னாளில் என்ன கதிக்கு ஆளானது?

முதலில் முன்னோர். 1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை வெளியுலகோடு இணைத்தது 64 கிலோபிட் லைன் ஒன்று. அது எப்படி ஓடுகிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அங்கே பணியில் இருந்த டோபியாஸ் ஓட்டிக்கர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரிடம் கணக்குக் கேட்டு கிராஃப் போடும் புரோகிராம் ஒன்றை எழுதினார். எம்ஆர்டிஜி என்பது அதன் பெயர். லாக் கோப்பு ஒருநாளும் பெருக்கக் கூடாது என்பது அதன் விரதம். புதிய பதிவுகள் ஐந்து நிமிட நுணுக்கத்தோடு இருக்கும். பழசாக ஆக அரை மணி, பிறகு இரண்டு மணி, பிறகு ஒரு நாள் என்று ஒன்றோடொன்று கரைந்துவிடும். இரண்டு ஆண்டுக் கதை, என்றும் ஒரே கனத்தில் நிற்கும் ஒரு கோப்பில் அடங்கியது.

1999-இல் இதே உத்தியைத் தனிக் கருவியாக்கி ஆர்ஆர்டிடூல் என்று வெளியிட்டார். அதன் கோப்பு வட்டமாகச் சுற்றுவது. கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்துக்குத் திரும்பி, பழையதன் மேலேயே எழுதும். உருவாக்கும்போதே கடைசி பைட் வரை இடத்தை ஒதுக்கிக்கொள்ளும் என்பதால், பிறக்கும்போது என்ன எடையோ சாகும்வரை அதே எடை. டயட் நூல்கள் எழுதுவோர் கவனிக்கத்தக்கது.

இனி நம் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். ஒரு மணி நேரப் பதிவில் பன்னிரண்டு ஐந்து நிமிடங்கள் சேரும். ஒன்று 100, மீதி பதினொன்று 4. கூட்டி வகுத்தால் 12. ஒரு நாள் பதிவில் 288 சேரும், விடை 4.33. ஒரு வாரத்தில் 2,016, விடை 4.05. அன்று காலை அலறிய போன்கள், கஸ்டமர் விட்ட சாபம், காண்டீனுக்குக் கிளம்பியவர் பாதிப் படியில் திரும்பி ஓடிவந்தது ஆகிய அனைத்துக்கும் எஞ்சியுள்ள சாட்சி அந்த 0.05 மட்டுமே. அதையும் கிராஃப் வரையும்போது கோட்டின் தடிமன் விழுங்கிவிடும்.

ஐந்து நிமிடப் பதிவே ஏற்கனவே ஒரு சராசரிதான் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். முப்பது விநாடி மட்டும் 100-இல் துடித்து, மீதி நாலரை நிமிடம் 4-இல் இருந்த சர்வர் தன் பதிவேட்டில் 13.6 என்று கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடும். அதாவது மறதி முதுமையில் வருவதன்று; கருவிலேயே உண்டு.

இச்சிக்கலுக்கு ஆர்ஆர்டிடூல் வைத்திருக்கும் மருந்து நான்கு: ஆவரேஜ், மேக்ஸ், மின், லாஸ்ட். மிச்சமிருக்கும் மெமரியைக் கணக்குப் பார்ப்பவர் தவிர மின்னைத் தேடி எவரும் வருவதில்லை. லாஸ்ட் என்பது கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைகழுவும். உண்மையான கட்சிகள் இரண்டே: ஆவரேஜ் கட்சி, மேக்ஸ் கட்சி. இவ்விரு கட்சியாரும் மோதும் களம் பட்ஜெட் மீட்டிங்.

“சார், போன வருஷ மேக்ஸ் பாருங்க, நூறு தொட்டிருக்கு. புது சர்வர் வாங்கலேன்னா தீபாவளி சேல்ல மாட்டிக்குவோம்.”

“ஆவரேஜ் நாலுதானே தம்பி? இருக்கிறதுல பாதியை நிறுத்தினா கரண்ட் பில்லாவது மிச்சம்.”

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரே கோப்பு. ஆயினும் மேக்ஸ் கட்சியை நான் முழுதும் நம்பமாட்டேன். கல்யாணப் பந்தியில் ஒருமுறை பாயசம் தீர்ந்துபோனதை முப்பது வருஷமாகச் சொல்லிவரும் பெரியம்மாவைப் போன்றது அது: நடந்தது உண்மை, எத்தனை இலைக்கு இல்லாமல் போயிற்று என்று கேட்டால் பதில் வராது. ஒரு நாளின் மேக்ஸ் 100 என்றால், சர்வர் ஐந்து நிமிடம் திணறியதா, இருபத்துமூன்று மணி நேரம் திணறியதா என்பதை அந்த எண் சொல்லாது. தவிர, கோப்பை உருவாக்கும்போதே மேக்ஸுக்கு இடம் ஒதுக்காதவர் பின்னாளில் எவ்வளவு மன்றாடினாலும் சராசரியிலிருந்து உச்சத்தை மீட்டுத் தர எந்தக் கருவியாலும் ஆகாது.

சராசரிகளுக்குச் சராசரி எடுப்பது இத்துறையின் மகா பாதகம். நள்ளிரவு ஒரு மணி நேரத்தில் 10 கோரிக்கைகள் வந்து ஒவ்வொன்றுக்கும் 9 விநாடி ஆனது. பகலில் ஒரு மணி நேரத்தில் 9,990 வந்து ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி ஆனது. இரண்டு மணிச் சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுப்பவருக்கு 4.55 விநாடி கிடைக்கும். பத்தாயிரம் கோரிக்கைகளின் உண்மைச் சராசரி 0.11 விநாடிக்கும் கீழே. எண்ணிக்கையைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சராசரியை மட்டும் சேமித்த குற்றத்துக்குத் தண்டனை இது.

இப்போது ஆய்வின் மிக விசேஷமான பகுதி. தரவே வராமல் போன நேரத்தை என்ன செய்வது? இதற்கென ஆர்ஆர்டிடூலில் ஒரு காரணி உண்டு. பெயர் எக்ஸ்-ஃபைல்ஸ் காரணி. வேற்றுக்கிரகவாசிகளைத் துரத்தும் அமெரிக்க டிவி தொடரின் பெயரும் அதுவே. காணாமல் போன பதிவு எவ்வளவு வரை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அது சொல்லும். வழக்கமாகப் போடும் மதிப்பு 0.5. அதாவது பாதி வரை தொலைந்திருந்தால் மிஞ்சியதை மட்டும் வைத்துச் சராசரி போட்டுக் கொடுத்துவிடும். நம் சர்வர் இன்னொரு நாள் 25 நிமிடம் செத்தே கிடந்தது என்று கொள்வோம். பன்னிரண்டில் ஐந்து பதிவு இல்லை. மீதி ஏழும் 4. அந்த மணியின் சராசரி, துளி வெட்கமும் இன்றி, 4. ஐந்து நிமிடம் போராடிய சர்வருக்கு 12 என்ற கறை விழுந்தது. செத்தே கிடந்த சர்வருக்கு நல்லொழுக்கச் சான்றிதழ் கிடைத்தது.

ஆவரேஜ் கட்சியினர் இதற்கு இதுவரை பதில் சொல்லவில்லை.

இடம் போதாது என்பதற்காகத்தானே இத்தனையும் என்று கேட்கலாம். ஒரு அளவையின் ஐந்து நிமிடப் பதிவுகள் ஆண்டுக்கு 1,05,120. ஒன்றுக்கு எட்டு பைட் என்றால் 8,40,960 பைட். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடக் கனம். ஆனால் பத்து விநாடிக்கு ஒரு பதிவு, ஆயிரம் சர்வர், சர்வருக்கு ஆயிரம் அளவை என்று போனால் அதே எட்டு பைட் ஆண்டுக்கு 25 டெராபைட் ஆகிவிடும். இதற்கு மாற்று வழியை ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2015-இல் கொரில்லா என்ற பெயரில் எழுதிக் காட்டினார்கள். அடுத்தடுத்த பதிவுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நேரக்குறிப்பையும் சேர்த்து 16 பைட் பிடித்த பதிவு சராசரியாக 1.37 பைட்டில் அடங்கியது. ஒரு எண்கூடத் தொலையவில்லை. அங்கேயும் சராசரி வந்து நிற்பதைக் காண்க.

பழைய தரவைச் சுருக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கும் இனம் ஒன்று உண்டு: இன்டர்நெட் லைனுக்கு பில் போடுபவர்கள். மாதம் முழுவதும் எடுத்த ஐந்து நிமிடப் பதிவுகளை, 30 நாளுக்கு 8,640, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு அடுத்து நிற்கும் எண்ணுக்குக் காசு கேட்கும் முறை அவர்களிடம் உண்டு. 432 பதிவுகள், அதாவது 36 மணி நேரம், இலவசம். இதே கணக்கை இரண்டு மணிச் சராசரிகளில் போட்டுப் பார்த்தால் உச்சங்கள் அமுங்கி பில் தொகை குறையக் கூடும். ஆகவே அவர்கள் அப்படிப் போடுவதில்லை.

மேல் ஆய்வுக்கு ஒன்றை விட்டுவைக்கிறேன். ஆர்ஆர்டிடூல் ஒரு நாளை உலகப் பொது நேரப்படி வெட்டுகிறது. நம் ஊரில் அது காலை 5:30. நம் சர்வரின் செவ்வாய்க்கிழமை, பால் பாக்கெட் வரும் வேளையில்தான் பிறக்கிறது. வாரத்தின் கதை இன்னும் விபரீதம். கணினி தன் காலத்தை எண்ணத் தொடங்கிய 1970 ஜனவரி 1 ஒரு வியாழக்கிழமை. ஏழேழு நாளாக அங்கிருந்து வெட்டிக்கொண்டு வருவதால், வாரச் சராசரி என்பது வியாழன் காலை 5:30 முதல் அடுத்த வியாழன் காலை 5:30 வரை. புதன் இரவு பதினொரு மணிக்கு பேட்ச் போட்டுவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போகிறார். வியாழன் காலை ஆறு மணிக்கு சர்வர் படுக்கிறது. காரணம் போன வாரக் கணக்கில், காரியம் இந்த வாரக் கணக்கில். தர்க்க நூலார் யாரேனும் இதைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். பேட்ச் போட்டவர் முழு ஒத்துழைப்பும் தருவார்.