கோல்செஸ்டர் கடிதம்: குடியிருக்க ஒரு கற்பனை ஊர்

இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கற்பனை ஊரில், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு வேடம் தாங்கி ஆடும் விளையாட்டுக்குச் சுருக்கமான பெயர் எம்.எம்.ஓ. தமிழில் இதைப் பலர் கூடும் வேட விளையாட்டு என்று சொல்லலாம். சொன்னால் ஊரில் தெருக்கூத்து என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பெரிய தப்பில்லை. இதுவும் விடிய விடிய நடக்கிறது. கிரீடம், கத்தி, மந்திரம், நடுவில் புகுந்து எல்லாரையும் கிண்டல் செய்யும் கட்டியங்காரன், எல்லாம் இதிலும் உண்டு. ஒரே வேறுபாடு, கூத்தில் துரியோதனன் செத்தால் ஊரார் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதில் செத்த அரக்கன் வாரம் தவறாமல் எழுந்து வருவான். ஐரோப்பாவில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவர்களுக்கு அந்த நாள் புதன்கிழமை.

வெளிநாடு போன பிள்ளைகள் இதைப் போய் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது வீட்டார் கேட்கும் கேள்வி. பாதிக் காரணம் வானிலை. கிழக்கு இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் டிசம்பர் மாதத்தில் மாலை நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு வீடு திரும்பும் கடிதக்காரருக்குத் தூங்கும்வரை ஆறு மணி நேர இருட்டு மிச்சம். கடைத்தெரு அடைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனிதர். இன்று குளிர் அதிகம் என்பதை ஒப்புக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார். மிஞ்சுவது கணினி.

இந்த வகை விளையாட்டு பிறந்த இடமும் இதே ஊர்தான் என்பதைக் கடிதக்காரர் குடிவந்த பிறகே அறிந்தார். ஊருக்கு வெளியே விவன்ஹோ பூங்காவில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1978இல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் அங்கே ‘மட்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் அதை எடுத்து வளர்த்தார். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். எங்கே நிற்கிறோம், எதிரே யார் என்பதைக் கணினி வரிவரியாகச் சொல்லும். வடக்கே போ, கத்தியை எடு என்று ஆடுபவர் தட்டச்சு செய்ய வேண்டும். பகலில் அந்தக் கணினிக்குப் பல்கலைக்கழக வேலை இருந்ததால், வெளியாட்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான் தொலைபேசி இணைப்பு வழியாக உள்ளே வர முடிந்தது. ஆகவே தூக்கம் கெடுவது இந்த விளையாட்டில் இடையில் சேர்ந்த குறை அல்ல, பிறவிக் குணம். வீட்டார் இதைக் கவனிக்க வேண்டுகிறார் கடிதக்காரர்.

1997இல் அல்டிமா ஆன்லைன், 1999இல் எவர்குவெஸ்ட் என்று படங்களோடு கூடிய பெரிய உலகங்கள் வந்தன. 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எல்லாவற்றையும் விழுங்கியது. 2010இல் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள். அன்றைய லண்டன் மாநகரத்தின் மக்கள்தொகையைவிட அதிகம்.

இத்தனை பெரிய ஊரில் இருப்பவருக்கும் சலிப்பு வரும். அல்டிமா ஆன்லைனை வடிவமைத்தவர்களில் ஒருவரான ராஃப் காஸ்டர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். மூளை புதிதாக ஒன்றைக் கற்கும்போது கிடைக்கும் இன்பம்தான் விளையாட்டு. கற்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் சலிப்பு என்பது அவர் கட்சி. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிதக்காரரின் அனுபவத்தில் மூளைக்கு முன்பே முதுகு சலித்துவிடுகிறது. வார்கிராஃப்டில் பெரிய அரக்கனைக் கொல்ல ஒரு கூட்டம் சேர வேண்டும். இதற்கு ரெய்டு என்று பெயர். தொடக்க காலத்தில் நாற்பது பேர் வரை சேர்ந்தார்கள், இப்போது இருபது பேர் போதும். இருபது பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கக் கில்ட் என்ற சங்கமும், அதற்குத் தலைவரும், வருகைப் பதிவும் உண்டு. அலுவலகத்தில் ஒருமுறைகூட விடுப்புக் கடிதம் எழுதாத கடிதக்காரர், தங்கை கல்யாணத்துக்கு ஊர் வருவதற்காகக் கில்டில் எழுதினார். மறுநாளே அனுமதி வந்தது, வாழ்த்துடன்.

நேர வேறுபாடு இன்னொரு தொல்லை. குளிர்காலத்தில் இங்கிலாந்து இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இரவு எட்டுக்குத் தொடங்கும் ரெய்டு பதினொன்றரைக்குக் கடைசி அரக்கனிடம் போய் நிற்கும். அப்போது ஊரில் விடியற்காலை ஐந்து. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுச் சரியாக அந்த நேரத்தில் அழைப்பார். கடிதக்காரர் கூட்டத்தில் ஹீலர், அதாவது அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். போனை எடுத்தால் இருபது பேர் சாவார்கள். எடுக்காவிட்டால் ஒருவர்தான். கணக்குப்படி எடுக்காமல் இருப்பதே நியாயம்; ஆனால் அந்த ஒருவர் கடிதக்காரர். கில்டில் இருந்த போலந்துக்காரர் ஒருவர் ‘அம்மா’ என்ற தமிழ்ச் சொல்லைக் கற்றது இப்படித்தான்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பகுதி ஒன்று வெளிவரும். அதில் முதல் நாள் சந்திக்கும் காட்டுப்பன்றி உதிர்க்கும் கையுறை, ஆறு மாதம் கண் விழித்துச் சேர்த்த கவசத்தைவிட உசத்தியாக இருக்கும். தீபாவளிக்கு எடுத்த பட்டு பொங்கலுக்குள் கரித்துணி ஆன கதை. அதைக்கூடப் பொறுக்கலாம். ஒருவருக்குக் குழந்தை பிறக்கிறது, ஒருவருக்கு இரவு வேலை வருகிறது, கில்ட் பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்துக்குப் போகின்றன. இருபதில் ஏழு பேர் மிஞ்சிய அன்று கடிதக்காரர் வேறு ஊர் பார்க்கக் கிளம்பினார்.

புது விளையாட்டு தேடுவது ஏறக்குறைய வீடு தேடுவதுதான், தரகர் மட்டும் இல்லை. மாத வாடகை, ஒத்தி, சத்திரம் என்று மூன்று ஏற்பாடு. வார்கிராஃப்ட் மாத வாடகை வகை. அமெரிக்காவில் முதல் நாளிலிருந்து மாதம் 14.99 டாலர்தான், இருபது ஆண்டுகளாக ஏறவில்லை. கோல்செஸ்டரில் எந்த வீட்டுக்காரரிடம் சொன்னாலும் நம்பமாட்டார். 2012இல் வந்தபோது கில்ட் வார்ஸ் 2 ஒத்தி மாதிரி. ஒருமுறை பணத்தைக் கொடுத்தால் வாடகை கிடையாது, பின்னால் கட்டும் புது அறைகளுக்கு மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவது சத்திரம். தங்க இலவசம், வெந்நீருக்குக் காசு, பாய்க்குக் காசு. சில சத்திரங்களில் பக்கத்து அறைக்காரரை அடிக்கத் தடியும் காசுக்குக் கிடைக்கும். அந்த மாதிரி இடத்தில் கடிதக்காரர் பை வைக்கவில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இந்த மூன்றிலும் அடங்காது. 70ஆம் லெவல் வரை எத்தனை மாதமானாலும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். ஆனால் அங்குள்ள சந்தையில் வாங்கவோ விற்கவோ முடியாது, சங்கத்தில் சேர முடியாது. மாமியார் வீட்டு விருந்து இது: எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், வீட்டு விவகாரத்தில் வாய் திறக்கக் கூடாது. அதன் வரலாறும் சுவையானது. 2010இல் வந்த முதல் வடிவம் படு தோல்வி. நவோகி யோஷிதா என்பவரைப் பொறுப்பில் போட்டார்கள். அவர் 2012 நவம்பரில் கதைப்படியே ஒரு நிலவை அந்த உலகத்தின் மேல் விழ வைத்து, கடையை மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார். தவறான கணக்கை ரப்பரால் அழித்தவர்கள் உண்டு. நிலவால் அழித்தவர் இவராகத்தான் இருக்கும். 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் விளையாட்டை விற்பதையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

வாடகை விஷயம் தீர்ந்தாலும், வருகிறவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி நிற்கிறது. மட் விளையாட்டை வளர்த்த அதே பார்ட்டில், 1996இல் எழுதிய கட்டுரையில் ஆடுபவர்களை நாலு சாதிச் சீட்டாகப் பிரித்தார். டைமன் என்றால் லெவலும் சொத்தும் சேர்ப்பவர். இஸ்பேட் என்றால் மண்வெட்டி. உலகத்தைத் தோண்டித் துருவிப் பார்ப்பவர். ஆட்டின், மனிதர்களோடு பேசிப் பழக வருபவர். நாம் கிளாவர் என்பதை ஆங்கிலேயர் கிளப் என்பார்கள், தடி என்று பொருள்; அடுத்தவரை அடிப்பதற்கென்றே வருபவர். கடிதக்காரர் பல ஆண்டு தன்னை டைமன் என்று நம்பி வாழ்ந்தவர். சேர்த்த சொத்தை விட்டு வரும்போது வருத்தமே வரவில்லை என்பதிலிருந்து, தான் பாதி இஸ்பேட், பாதி ஆட்டின் என்று தெரிந்துகொண்டார். முப்பத்தாறு வயதில் ஜாதகம் மாறுவது சங்கடம்தான், ஆனால் தேடல் சுருங்கியது.

முதலில் பார்த்தது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்காவிக்கில் உள்ள நிறுவனம் 2003இல் வெளியிட்ட விண்வெளி உலகம். அங்கே 2014 ஜனவரியில், ஒரு கூட்டணி தன் வசமிருந்த இடத்துக்கான கட்டணத்தைக் கட்டத் தவறியது. கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இங்கே அந்த இடத்துக்காக 7,500க்கும் மேற்பட்டவர்கள் 21 மணி நேரம் சண்டை போட்டார்கள். டைட்டன் என்ற மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. மொத்த நஷ்டத்தை உண்மைப் பணத்தில் சுமார் 3 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். இதைப் படித்துத்தான் கடிதக்காரர் உள்ளே போனார். போன பிறகுதான், இந்த வீரத்துக்கெல்லாம் அடியில் இருப்பது விலைப்பட்டியலும் கூட்டல் கழித்தலும் என்று தெரிந்தது. எக்செலோடு நேரடியாக இணைக்கும் வசதியை அந்த நிறுவனமே 2022இல் அறிவித்தது, அரங்கம் கைதட்டியது. பகல் எட்டு மணி நேரம் எக்செலில் இருப்பவர் இரவிலும் அதிலேயே இருக்க விண்வெளி எதற்கு? மூன்று வாரத்தில் இறங்கிவிட்டார்.

அடுத்து ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். கோவர் சகோதரர்கள் 2001இல் வெளியிட்ட ரூன்ஸ்கேப் என்ற ஆங்கிலேய விளையாட்டின் பழைய வடிவம். காலப்போக்கில் மாற்றங்கள் பிடிக்காமல் ஆட்கள் கோபித்துக்கொள்ள, 2007இல் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியை 2013இல் தூசி தட்டித் தனியாகத் திறந்தார்கள். புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் ஆடுபவர்களிடம் வாக்கெடுப்பு. 75 சதவீதம் சம்மதிக்க வேண்டும் என்றிருந்து, பின்னர் 70 ஆனது. ஊராட்சி மன்றத் தீர்மானத்துக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. இங்கே வேலை, மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, சுரங்கம் தோண்டுவது. ஒரு தொழிலில் 99ஆம் லெவலை எட்ட 13,034,431 புள்ளி தேவை. இதில் நகைச்சுவை என்னவென்றால், 92ஆம் லெவலில்தான் பாதி வழி வருகிறது. கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கச் சொன்னால் நாளைக்கு என்று சொல்லி வளர்ந்த பிள்ளை, கோல்செஸ்டரில் இரவு ஒரு மணிக்கு வில்லோ மரம் வெட்டிக்கொண்டிருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டும்போது அடுத்த புள்ளியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தபோது, உள்ளே பழைய டைமன் கண் விழிப்பது தெரிந்து கோடரியை வைத்துவிட்டார்.

கடைசியில் குடியேறியது புது விளையாட்டே அல்ல. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன் 2007 ஏப்ரலில் வந்தது. வாடகை வீடாகத் தொடங்கி, 2010இல் சத்திரமாக மாறி, 2022இல் பழைய பகுதிகள் பலவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டது. முகங்கள் மரப்பாச்சி மாதிரி இருக்கும், குதிரை நடையில் எண்ணெய் போடாத சத்தம். ஆனால் ஊர் பெரியது. ஹாபிட் என்ற குள்ளர்கள் வாழும் ஷயரிலிருந்து மோர்டோர் வரை நடந்தே போகலாம், வழி தெரிந்தால். கடிதக்காரருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வரைபடத்தைத் திறக்கவில்லை. பர்மிங்ஹாம் பக்கத்துச் சேர்ஹோல் கிராமத்தில் கழிந்த சிறுவயதை மனதில் வைத்துத்தான் டோல்கியன் ஷயரை எழுதினார். வேலியும் ஆலைக்குளமும் உள்ள அந்த இங்கிலாந்தைப் பார்க்கத்தான் பலர் விமானம் ஏறுகிறார்கள். பார்க்கக் கிடைப்பது ரிங் ரோடு.

இங்கே அடிபட்டவருக்கு உயிர் குறையாது, தைரியம் குறையும். முழுவதும் போனால் சாவதில்லை, பின்வாங்கி ஓடிவிடுவார். அந்தத் தைரியத்தைத் திருப்பித் தருவது பாணர். மருந்து கிடையாது, பாட்டுதான். பழைய ஹீலர் பாணராகப் பதிவு செய்துகொண்டார். ராமசாமி என்ற பெயரில் ஒரு ஹாபிட் நடமாடுவதை விளையாட்டும் ஆட்சேபிக்கவில்லை. வாத்தியங்களை உண்மையாகவே சுரம் சுரமாக வாசிக்கலாம். 2009 முதல் ஆடுபவர்களே வெதர்டாப் மலையில் ஆண்டுதோறும் கச்சேரி நடத்துகிறார்கள். ராமசாமியின் புல்லாங்குழல் இன்னும் சரளி வரிசையைத் தாண்டவில்லை. சத்திரத்து வாசலில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள், ஒருவர் பாதியில் போய்விட்டார்.

ஷயரில் அவருக்குக் கிடைத்த வேலை தபால் பட்டுவாடா. அரக்கன் இல்லை. அஞ்சல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரத்துக்குள் அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். வழியெல்லாம் வம்புக்கார ஹாபிட்டுகள் நிற்பார்கள். கண்ணில் பட்டால் நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. யார் வீட்டுப் பிள்ளை, எங்கே போகிறாய், பையில் என்ன என்று கேட்கும் திண்ணைகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன ஒருவருக்கு இது புது வித்தை அல்ல. வேலி ஓரமாகவும் கொல்லைப்புறமாகவும் போக வேண்டும். ஆனாலும் சென்ற சனிக்கிழமை மூன்று முறை பிடிபட்டார். நாலாவது முறை ஓடையில் இறங்கி நனைந்தபடி பையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கூலி சில செப்புக் காசு. மணி பதினொன்றரை. போன் அடித்தது. எடுத்தார். யாரும் சாகவில்லை.